இரவல் பாத்திரம்

(புதுச்சேரியை அடுத்த பாகூரில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சேதி. கடைசி வரிசையில் தூணோரமாக இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒடிசாக்காரர்கள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள். ஆங்கிலம் பேசிப் பழகுவதைப் பற்றிக் கூட்டம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் பேச்சும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று நம்பி, பேருந்து மாறி இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். நான் தமிழில்தான் பேசப் போகிறேன் என்று வாசலிலேயே சொன்னேன். பரவாயில்லை, இருக்கிறோம் என்றார்கள். அவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவன். வில்லியனூர் கொம்யூனிலும் வேலை பார்த்திருக்கிறேன், பாகூர் கொம்யூனிலும் வேலை பார்த்திருக்கிறேன். இந்தக் கூட்டத்திலேயே என்னிடம் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் தெரிகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த முப்பத்தொரு வருடத்தில் என் வகுப்பில் யாரும் ஆங்கிலம் பேசியதில்லை. நானும் சேர்த்துத்தான். செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் தமிழில் நடத்தினேன். பிள்ளைகள் பரீட்சையில் தொண்ணூறு வாங்கினார்கள். அதே பிள்ளைகள் பேருந்து நிலையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால் கையைக் காட்டிவிட்டு ஓடினார்கள். இப்போது நம் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மதிப்பெண்ணுக்காகப் பேசும் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்ன மாதிரி.

நம் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டில் ஒரு கிண்ணம் இரவல் வாங்கினால் அதை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். நாலு முருங்கைக்காயோ ஒரு கரண்டிக் குழம்போ போட்டுத்தான் கொடுப்பார்கள். எதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். என் அம்மா இதில் ரொம்பக் கறார். வெறும் பாத்திரம் திரும்பிப் போனால் அந்த வீட்டோடு உறவு அத்தோடு சரி என்பாள். ஆங்கிலத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வருகிறது. நமக்கு அது இரவல். ஒடிசாக்காரருக்கும் இரவல். புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சுக்காரருக்கும் இரவல்தான். அதில் எதைப் போட்டுக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன்.

இந்தக் கடற்கரைக்கு இரவல் மொழி புதிதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761இல் இறக்கும் வரை எழுதியவர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுவின் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இந்தத் துறைமுக ஊர்களில் பொதுப் பேச்சாகப் புழங்கியது பிரெஞ்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. போர்த்துக்கீசியம். போர்த்துக்கீசியர் கையிலிருந்து அதிகாரம் போன பிறகும் அவர்கள் மொழி சந்தையில் நின்றது. டச்சுக்காரனும் டேனிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் நம்மவர்களோடு அரைகுறைப் போர்த்துக்கீசியத்தில் பேசிக் காலம் தள்ளினார்கள். அந்தப் பாத்திரம் எப்போதோ திரும்பிப் போய்விட்டது. அதில் இருந்த பண்டம் மட்டும் நம் வீட்டில் தங்கிவிட்டது. சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம் எல்லாம் அங்கிருந்து வந்த சொற்கள். இன்றைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கையில் ஒரு போர்த்துக்கீசியச் சொல்லோடு வந்திருக்கிறீர்கள்.

ஆனால் துபாஷி உறவைச் சிநேகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவர் கட்டளையிட, ஒருவர் கேட்டுச் செய்ய, நடுவில் ஒரு மொழி. அந்த வகைப் பேச்சு சீக்கிரம் வந்துவிடும், ஆனால் ஓர் அளவோடு நின்றுவிடும். ஆரோவில் பக்கத்துக் கிராமங்களில் இதைப் பார்க்கலாம். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு அந்த நகரத்தைத் தொடங்கினார்கள். குயிலாப்பாளையம், இடையன்சாவடி ஆட்கள் அங்கே மரம் நட்டார்கள், சுவர் எழுப்பினார்கள், சமையல் செய்தார்கள். பள்ளிக்கூடப் படி ஏறாத கொத்தனார் ஆங்கிலம் பேசுவதை நானே கேட்டு அசந்திருக்கிறேன். என்னிடம் தொண்ணூறு வாங்கியவன் பேசாத ஆங்கிலம் அது. ஆனால் கூர்ந்து கேட்டால் அதில் பாதி வேலை ஆங்கிலம். இதைக் கொண்டு வா, அதை அங்கே வை, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய். மறுபாதியை, உட்கார்ந்து பேசும் ஆங்கிலத்தை, தேநீர் வேளையில் யார் யாரிடம் போய் உட்கார்ந்தார்களோ அவர்கள்தான் அடைந்தார்கள்.

உட்கார்ந்து பேசிய இருவர் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வருகிறார். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி அரவிந்தர் வருகிறார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேருகிறார். மூன்று பேருமே வெள்ளைக்காரப் போலீசின் கைக்கு எட்டாத இடம் தேடிப் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தவர்கள். அரவிந்தர் முதலில் தங்கியது கலவை சங்கர செட்டியார் வீட்டில். பாரதியார் அங்கே போவார், வருவார். பிறகு வீடு மாறினாலும் மாலைப் பேச்சு நிற்கவில்லை. ஒருவர் எட்டயபுரத்துக்காரர், ஒருவர் வங்காளி. பாரதிக்கு அப்போது வங்காளம் பேசும் பழக்கம் இல்லை. அரவிந்தருக்குத் தமிழ் பேச வராது. எந்த மொழியில் பேசியிருப்பார்கள்? ஆங்கிலத்தில்தான். எந்த அரசுக்குத் தப்பி ஓடி வந்தார்களோ அந்த அரசின் மொழியில், பிரெஞ்சுக்காரன் ஊரில் உட்கார்ந்துகொண்டு. இதைவிடப் பெரிய வேடிக்கை வேறென்ன வேண்டும்!

அந்தப் பேச்சிலிருந்து என்ன வந்தது என்று பாருங்கள். இருவரும் சேர்ந்து ரிக் வேதம் படித்தார்கள். அது வடக்கிலிருந்து வந்த சரக்கு. பாரதி பதிலுக்கு ஆழ்வார்களைக் கொடுத்தார். 1914இல் அரவிந்தர் தொடங்கிய 'ஆர்யா' பத்திரிகையில், அடுத்த ஆண்டே ஆண்டாளும் நம்மாழ்வாரும் குலசேகர ஆழ்வாரும் ஆங்கிலத்தில் வந்துவிட்டார்கள். வேதத்தைப் பற்றி அதே பத்திரிகையில் எழுதிய தொடரில், தமிழ்ச் சொற்களை ஆராய்ந்த பிறகுதான் மொழிகளின் உறவைப் பற்றித் தமக்கு இருந்த பழைய எண்ணம் ஆட்டம் கண்டது என்று அரவிந்தர் எழுதியிருக்கிறார். வ.வே.சு. ஐயர் குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் கொண்டுவந்தார். மூன்று அகதிகளும் எதிரியின் பாத்திரத்தை வாங்கி அதில் ஆழ்வாரையும் வள்ளுவரையும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் அம்மா இருந்திருந்தால் சபாஷ் என்றிருப்பாள்.

அரவிந்தரைப் பற்றி இன்னொரு சங்கதி. நிறையப் பேருக்குத் தெரியாது. அவருக்கு வங்காளமே சரளமாக வராது. தகப்பனார் டாக்டர் கிருஷ்ணதன் கோஷுக்கு ஆங்கில மோகம். பிள்ளை காதில் வங்காளம் விழக் கூடாது என்று வளர்த்தார். ஏழு வயதில், 1879இல், இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படிப்பு. கிரேக்கமும் லத்தீனும் தண்ணீர் பட்ட பாடு. 1893இல் திரும்பி வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, சொந்த மொழியைப் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டிய நிலை. படித்தும் விட்டார். ஆனால் வாய் திறந்து பேச வரவில்லை. அதற்காக 1898இல் தினேந்திர குமார் ராய் என்ற வங்க எழுத்தாளரைக் கூட்டிவந்து தம் வீட்டில் வைத்துக்கொண்டார். பாடம் நடத்த இல்லை. பின்னாளில் அரவிந்தரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: முறையான வகுப்பு என்று எதுவும் கிடையாது, அவர் கூட இருந்தார், பேச்சு பழகியது, அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜில் படித்தவருக்கே, தாய்மொழி பேசுவதற்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டிருக்கிறார். நம் பிள்ளைகள் முப்பது நாளில் ஆங்கிலம் என்ற புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு முப்பத்தொன்றாம் நாள் அழுகிறார்கள்.

சரி, நம் ஏரிக்கரைக்கு வருவோம்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ஞாயிறு சாயங்காலம் பாகூர் ஏரிக்கரையில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசலாம் என்று தொடங்கினேன். கட்டணம் இல்லை, பலகை இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. மதகடிப்பட்டுப் பக்கம் பொறியியல் படிக்கும் பையன், நர்சிங் படிக்கும் பெண், கன்னியக்கோயிலில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், இப்படி ஒரு கலவை. முதல் வாரம் அரைமணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கொக்குகள் மட்டும் பேசின. இரண்டாம் வாரம் அந்த நர்சிங் பெண் துணிந்து நாலு வாக்கியம் பேசினாள். என் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அவள் இறந்தகாலத்தைத் திருத்தினேன். மூன்றாம் வாரம் அவள் வரவில்லை. நாலாம் வாரமும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "பரவால்ல சார், நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கறேன்" என்றாள். முப்பத்தொரு வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். கேட்டால் ஒழியத் திருத்தக் கூடாது. முதலில் எனக்குத்தான் அந்த விதி.

பிறகு ஒரு நாள் நகரத்தில் ஆறு மாதம் படிக்க வந்திருந்த ஒரு பிரெஞ்சுப் பெண் சைக்கிளில் ஏரி பார்க்க வந்தார். அவர் ஆங்கிலமும் நம் ஆங்கிலம் போலத்தான், நொண்டும். அது தெரிந்ததும் பிள்ளைகள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! வெள்ளைத் தோல் என்றால் ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர், இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பங்காரு வாய்க்கால் என்றான் ஒருவன். பங்காரு யார் என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். சிங்காரி, பங்காரி என்று இரண்டு தாசிகள். தங்கள் சொத்தையெல்லாம் போட்டுத் தென்பெண்ணை ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரில் சொல்வோம். இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தாசி என்பதற்கு என்ன சொல்வது? ஒருவன் டான்சர் என்றான். இன்னொருவன் அது போதாது என்றான். நர்சிங் பெண் அன்றைக்கு வந்திருந்தாள். அவள் யோசித்து, "வெரி ரிச், பட் நோ ஹஸ்பண்ட்" என்றாள். "எனக்கும் ஹஸ்பண்ட் இல்லை, ஆனால் ரிச்சும் இல்லை" என்றார் அந்தப் பிரெஞ்சுப் பெண். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. இலக்கணப்படி அந்தக் கதையில் பதினைந்து பிழை இருந்திருக்கும். ஒரு வாய்க்கால், இரண்டு பெண்கள், ஒரு ஊரின் நன்றி, எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் ஊரைப் பேசுங்கள். வில்லியனூர்த் தேரைக் கவர்னர் வந்து வடம் பிடிக்கிறாரே, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம், அதைச் சொல்லுங்கள். கீழூரைச் சொல்லுங்கள். 1954 அக்டோபர் 18ஆம் தேதி, நம் வில்லியனூர் கொம்யூனின் அந்தச் சின்ன ஊரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தார்களே, அதைச் சொல்லுங்கள். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும். சங்கடமானதைப் பேசிய பிறகுதான் சிநேகம் கெட்டியாகிறது.

இன்னொன்றும் கண்டோம். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலை உலகம் அறிந்தது. புவிசார் குறியீடு வாங்கிய தொழில், அதில் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு பட்டறைக்குப் பிள்ளைகளையும் இரண்டு வெளியூர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்ணில் கையை வைத்த பிறகு கூச்சம் போன இடம் தெரியவில்லை. ஈரம், மெதுவாக, இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு. முப்பது சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேச்சுக்கு முகத்துக்கு முகம் பார்த்து உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? பூத் தொடுப்பவர்களைப் பாருங்கள், எல்லாரும் பூவைத்தான் பார்க்கிறார்கள், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் ஓடுகிறது.

இப்போது கொஞ்சம் வில்லங்கமான இடத்துக்கு வருகிறேன்.

தமிழில் ஒருவரை அழைக்க நமக்கு நீ உண்டு, நீங்கள் உண்டு, வாடா உண்டு, வாங்க உண்டு. அழகுதான். ஆனால் கிராமத்தில் அது வயதை மட்டும் பார்த்து வருவதில்லை. தெருவைப் பார்த்தும் வருகிறது. ஊர்ப் பையன் காலனிப் பெரியவரை நீ என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன், நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிரெஞ்சிலும் இப்படி வெவ்வேறு சொல் உண்டு, ஒடியாவிலும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே 'யூ'தான். ஏரிக்கரையில் இரண்டு பையன்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள், வீடுகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, இருபது வருடமாக ஒருவன் வீட்டுக்கு ஒருவன் போனதில்லை. தமிழில் பேசும்போது அவர்கள் வாக்கியத்தில் நீயும் வராது, நீங்களும் வராது. கவனித்துப் பாருங்கள், அழைப்புச் சொல்லே இல்லாமல் நாம் எவ்வளவு லாகவமாகப் பேசிச் சமாளிப்போம்! ஆங்கிலத்துக்கு வந்ததும் யூ, யூ என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். வேறு பண்பாட்டு மனிதரோடு நட்பு என்றால் கடல் கடந்து வந்தவரோடு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு கிலோமீட்டர்தான் எல்லாவற்றிலும் தூரம் என்று எனக்கு அங்கே புரிந்தது. அவர்கள் இப்போது தமிழிலும் பேசிக்கொள்கிறார்கள், 'மச்சான்' என்று. அதைச் சாதித்தது ஆங்கிலம் என்று சொல்லிவிட முடியாது. நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு திண்ணை கிடைத்தது, அவ்வளவே.

உடனே ஆங்கிலத்துக்குச் சமத்துவப் பட்டம் கட்டிவிடாதீர்கள். எந்த மொழி திண்ணையோ அதுவே மதிலும் ஆகும். கட்டணம் கட்டிப் படித்த பிள்ளை, கட்டாத பிள்ளையை ஓரக்கண்ணால் பார்ப்பதும் அதே ஆங்கிலத்தை வைத்துத்தான். நன்றாகப் பேசுகிறவன் கூட்டத்துக்கு வந்தால் மற்றவர் வாய் மூடிவிடும். ஏரிக்கரையில் அப்படி வந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுப்போம். கேள்வி மட்டும் கேட்க வேண்டும். அவர்களுக்கு அது ரொம்பக் கஷ்டம்!

பாத்திரத்தில் என்ன போடுவது என்று பேசப் போவதாகச் சொன்னேன் அல்லவா. தமிழைத்தான். கிளம்பும்போது நம் பிள்ளைகள், "ஐ வில் கோ அண்ட் கம்" என்பார்கள். வாத்தியாராக இருந்தபோது சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். ஏரிக்கரையில் அந்தப் பிரெஞ்சுப் பெண் கேட்டார், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்பி வருவீர்கள், நான் காத்திருக்கவா என்று. அப்போதுதான் விளக்கினோம். போகிறேன் என்று எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்போம், சாவு வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போவோம் என்று. அவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நன்றி விஷயமும் அப்படித்தான். ஒரு வீட்டில் சாப்பிடும்போது ஒவ்வொரு முறை பரிமாறும்போதும் அவர் தேங்க்யூ சொல்ல, அந்த வீட்டம்மா என்னிடம், "ஏன் சார், சாப்பாடு பிடிக்கலையா, இப்படி அந்நியமா பேசுது" என்று கேட்டார். அவருக்கு அது மரியாதை, நமக்கு அது விலகல். அதற்கு மேல் நான் மொழிபெயர்க்கவில்லை. பையன்களையே இருவருக்கும் சொல்ல விட்டேன். அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொண்டதை நான் ஒரு வருடத்திலும் நடத்தியிருக்க முடியாது.

நம் யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே இப்படி ஒரு பொதுப் பேச்சு தேவைப்படுகிறது. மாஹேயிலிருந்து மலையாளம் பேசும் பிள்ளைகளும் ஏனாமிலிருந்து தெலுங்கு பேசும் பிள்ளைகளும் நம் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். ஒரே புதுச்சேரிதான். விடுதியில் தனித்தனி மேசை.

இந்த ஊருக்கும் இது அந்நியமான காரியம் இல்லை. பாகூர்ச் செப்பேடு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது ஒரு கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த ஆவணம். அதில் ஒரு பகுதி சமஸ்கிருதம், ஒரு பகுதி தமிழ். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் ஒரே சேதியை இரண்டு மொழியில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கிறது. அந்தக் கல்விச்சாலைப் பிள்ளைகள் சாயங்காலம் எந்த மொழியில் வம்பளந்தார்கள் என்று மட்டும் செப்பேட்டில் இல்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

தேநீர் வந்துவிட்டது, வாசனை வருகிறது. நான் நிறுத்திக்கொள்கிறேன். கடைசி வரிசையில் அந்த இருவரும் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் சிரித்தபோதெல்லாம் அவர்களும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல். இவ்வளவு நேரம் இந்த ஆள் என்னதான் பேசினார் என்று யாராவது போய் அவர்களுக்குச் சொல்லுங்கள். நான் வர மாட்டேன். போகும்போது இரண்டு டம்ளர் தேநீர் எடுத்துக்கொண்டு போங்கள்.